அடியில் நூல் சிக்கினால் மேலே பாருங்கள்: குவில்ட் தைப்பவர்களுக்குக் கோளாறு நீக்கும் வழி

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஆடி பிறந்த கையோடு மண்டேலா நாள் வந்துவிடும். ஊரில் ஆடி என்றால் காற்று; இங்கே அது குளிர்காலம். அம்மனுக்குக் கூழ் ஊற்றும் பேச்சோடு பேச்சாக, ஜூலை 18-க்கு என்ன செய்யலாம் என்பதும் சேர்ந்துகொள்ளும். மண்டேலா பொதுவாழ்வில் உழைத்த 67 ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஒரு நிமிடமாக 67 நிமிடம் தொண்டு. அந்த நேரத்துக்குள் ஒரு குவில்ட்டை (துண்டுத் துணிகளை இணைத்து, நடுவில் பஞ்சு, அடியில் பின்துணி என்று மூன்று அடுக்காகத் தைக்கும் போர்வையை) யாராலும் முடிக்க முடியாது என்பது வேறு கதை. முதியோர் இல்லத்துக்கு முழங்கால் போர்வை, பேரப்பிள்ளைக்கு ஒன்று, மிஞ்சிய துணியில் பக்கத்து வீட்டுக்கு இரண்டு பாத்திரம் பிடிக்கும் துணி என்று அவசரமாக மிஷினைத் திறப்போம். கோளாறெல்லாம் அந்த வாரத்தில்தான் வரிசை கட்டும்.

இதை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். உங்கள் துணியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: கோளாறு தெரியும் இடத்தில் உடனே கைவைக்காதீர்கள். அடியில் தெரிவதற்குக் காரணம் மேலே இருக்கும். ஓரத்தில் தெரிவது அளவெடுக்கும்போதே வந்திருக்கும். துவைத்த பிறகு தெரிவது, வெட்டும் முன்பே தொடங்கியிருக்கும்.

துணிக்கு அடியில் நூல் கூடு கட்டுகிறது

"அக்கா, பாபின் கெட்டுப்போச்சு போல, அடியில எல்லாம் புடிச்சுக்குது" என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். பாபின் என்பது அடி நூல் சுற்றிய சின்ன உருளை.

"பாபினை விடும்மா. மேல் நூலை முழுசா எடுத்துட்டுத் திரும்பப் போடு. ஃபுட்டைத் தூக்கி வச்சுட்டுப் போடு."

பாதிக்கு மேல் இதோடு தீர்ந்துவிடும். துணியை அமுக்கும் ஃபுட் கீழே இறங்கியிருந்தால், மேல் நூலைப் பிடிக்கும் டென்ஷன் தட்டுகள் இறுகி மூடியிருக்கும். அப்போது கோக்கும் நூல் அவற்றுக்கு நடுவே போகாமல் மேலோடு நிற்கும். பிடிப்பு இல்லாத மேல் நூல் தேவைக்கு மேல் கீழே போய் அங்கே சுருளும். குற்றவாளி மேலே, பழி பாபின் மேல்.

அப்படியும் தீரவில்லையா? மேலே சிவப்பு நூல், பாபினில் நீல நூல் போட்டு ஒரு துண்டில் தைத்துப் பாருங்கள். பின்பக்கம் சிவப்பு புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்வு. முன்பக்கம் நீலம் எட்டிப் பார்த்தால் மேலே இறுக்கம். திருகை அரை எண், ஒரு எண் என்று கொஞ்சமாகத் திருப்புங்கள். பாபின் கேஸில் இருக்கும் சின்னத் திருகைக் கடைசியாகத் தொட்டால் போதும். தையல் தொடங்கும்போது இரண்டு நூல் நுனிகளையும் விரலால் பிடித்துக்கொண்டு முதல் மூன்று நான்கு தையல் போடுங்கள். தொடக்கத்தில் மட்டும் கூடு கட்டுவதற்கு வேறு மருந்து இல்லை.

தையல் விட்டு விட்டு விழுகிறது

ஊசி. வேறெதையும் பார்க்கும் முன் புது ஊசி. எட்டு மணி நேரம் தைத்தால் ஒரு ஊசி தன் வேலையை முடித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். உடையும்வரை ஓட்டுவது சிக்கனமாகாது; பிரித்துத் தைக்கும் நூலுக்கு ஊசி விலை மலிவு.

டர்பனின் ஆயத்த ஆடை ஆலைகளில் வேலை பார்த்த அக்காமார் சாட்ஸ்வர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நிறையப் பேர். மலிவு இறக்குமதி வந்து ஆலைகள் மூடிய பிறகு அந்தக் கைகள் வீட்டு மிஷினுக்கு வந்தன. அவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை: ஆலை மிஷின் ஊசியின் தண்டு முழு உருண்டை. வீட்டு மிஷின் ஊசிக்கு ஒரு பக்கம் தட்டை. டப்பாவில் பழைய ஆலை ஊசி இருக்கிறதே என்று வீட்டு மிஷினில் செருகினால் அது சரியாக நிற்காது, கொக்கி நூலைப் பிடிக்காது. பெரும்பாலான வீட்டு மிஷின்களில் தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும். பாபின் பக்கவாட்டில் போகும் பழைய மிஷின்களில் அது பக்கம் பார்த்து நிற்கும்.

துண்டுகளை இணைக்க 75/11 அல்லது 80/12 எண் ஊசி. மூன்று அடுக்கும் சேர்த்துத் தைக்கும்போது 90/14.

நூல் அடிக்கடி அறுகிறது

கண்டிலிருந்து ஒரு முழம் நூலை எடுத்து இரண்டு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். சட்டென்று அறுந்தால் அந்தக் கண்டைத் தூக்கி எறியுங்கள். ஜன்னலோரம் வெயிலில் பல வருடம் கிடந்த பருத்தி நூல் அப்படித்தான் ஆகும், மாமியார் வைத்துப் போனது என்றாலும். நூல் திடமாக இருந்தால் ஊசித்தட்டின் துளையை நகத்தால் தடவுங்கள். ஊசி எப்போதோ இடித்த இடத்தில் சின்னப் பிசிர் தட்டுப்பட்டால் அதுதான் நூலை அறுக்கிறது. மிக நைசான எமரித் தாளால் தேய்த்துவிடலாம்.

நடுத்தையலில் கரண்ட் போய்விட்டது

2023-இல் மின்வெட்டால் பட்ட பாடு இப்போது இல்லை என்றாலும் பழக்கம் நல்லதுதான். மிஷின் சுவிட்சை அணையுங்கள், பெடலிலிருந்து காலை எடுங்கள். கைச்சக்கரத்தை உங்கள் பக்கமாகத் திருப்பி ஊசியைத் தூக்குங்கள். எதிர்ப்பக்கம் திருப்பினால் அடியில் நூல் மாட்டிக்கொள்ளும். கால்மிதி மிஷின், கைமிஷின் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைப் படித்துச் சிரித்துவிட்டு மேலே போகலாம்.

மூலைகள் ஒன்றோடொன்று சேரவில்லை, சதுரம் சின்னதாகிவிட்டது

குவில்ட்டில் தையலுக்கு விடும் துணி கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர் சொச்சம். ரவிக்கை தைத்த கை இதை நம்பாது. கொஞ்சம் கூடவே விடும். ஒவ்வொரு பக்கமும் 1 மி.மீ. கூடினால் ஒரு தையலில் 2 மி.மீ. போய்விடும். ஒரு வரிசையில் எட்டுச் சதுரம் என்றால் ஏழு தையல். மொத்தம் 14 மி.மீ. காணாமல் போகும். பக்கத்து வரிசையில் துண்டுகளின் எண்ணிக்கை வேறாக இருந்தால், அங்கே குறைவதும் வேறாக இருக்கும். மூலை எப்படிச் சேரும்?

சோதிக்க: ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி நீளவாக்கில் சேர்த்துத் தையுங்கள். இஸ்திரி போட்டு நடுப்பட்டையை அளந்தால் சரியாக ஒரு அங்குலம் இருக்க வேண்டும். குறைந்தால் தையலுக்கு அதிகம் விடுகிறீர்கள். கால் அங்குலக் கோட்டில் சரியாகத் தைத்தாலும் ஒரு இழை அளவு குறையும், ஏனென்றால் துணி மடிந்து திரும்பும் இடம் கொஞ்சத்தைத் தின்றுவிடும். ஆகவே கோட்டிலிருந்து ஒரு நூல் அளவு துணியின் வெட்டு ஓரப் பக்கமாகத் தள்ளித் தையுங்கள். சரியான இடம் கிடைத்ததும் மிஷின் படுக்கையில் ஒரு துண்டு மாஸ்கிங் டேப் ஒட்டிவிடுங்கள். அதற்கப்புறம் கண்ணால் குத்துமதிப்பு வேண்டாம்.

பேட்டர்ன் சொன்ன மீட்டர் வாங்கியும் துணி பத்தவில்லை

நீங்கள் வாங்கியது ஷ்வேஷ்வேயாக இருக்கும், இங்கே பேர்போன பொடிக்கோல அச்சுப் பருத்தித் துணி. அமெரிக்கப் பேட்டர்ன்கள் 42 அங்குல அகலத் துணியை மனதில் வைத்து எழுதப்படுகின்றன. ஷ்வேஷ்வே 90 செ.மீ.தான், அதாவது 35 அங்குலம் சொச்சம். இரண்டரை அங்குலச் சதுரம் அந்த அகலத்தில் 16 கிடைக்கும் இடத்தில், இதில் 14தான் வரும். பேட்டர்ன் கேட்பதில் ஐந்தில் ஒரு பங்கு கூட்டி வாங்குங்கள். துவைத்தால் சுருங்குவதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துவைத்தேன், சாயம் இறங்கிவிட்டது

கண்ணீர் வரவழைக்கும் அறிகுறி இதுதான், ஆகவே கொஞ்சம் நின்று பேசலாம்.

ஷ்வேஷ்வே நூறு சதவீதப் பருத்தி. கிழக்குக் கேப் மாகாணத்தின் ஸ்வெலிட்ஷாவில் தா காமா ஆலை இதை 1982 முதல் அச்சிட்டது. 1992-இல் 'த்ரீ கேட்ஸ்' முத்திரையின் உரிமையையும் செப்பு உருளைகளையும் இங்கிலாந்திலிருந்து வாங்கிக்கொண்டது. துணி முழுவதும் முதலில் அடர்ந்த நீலமோ பழுப்போ சிவப்போ ஏறிவிடும். பிறகு அந்த உருளைகள் வழியே மெல்லிய அமிலம் பட்டு, பட்ட இடத்தில் சாயம் வெளுத்துப் பொடிப்பொடி வெள்ளைக் கோலமாகும். கடைசியில் கஞ்சி. கப்பலில் வந்த காலத்தில் ஈரம் ஏறாதிருக்கப் போட்ட கஞ்சி. கப்பல் நின்ற பிறகும் கஞ்சி நிற்கவில்லை. புதுத்துணி அட்டை மாதிரி விறைத்து நிற்கும், தனி வாசம் அடிக்கும், நாக்கு நுனியில் வைத்தால் உப்புக் கரிக்கும். அசல்தானா என்று சிலர் நக்கியே பார்ப்பார்கள். முதல் துவைப்பில் அந்த விறைப்பு போய்ப் பருத்தி மெதுமெதுவென்று ஆகும். கூடவே, ஒட்டாமல் மேலோடு நின்ற சாயமும் போகும்.

பக்கத்தில் வெள்ளைத் துணி வைத்துத் தைத்திருந்தால் அது எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதலில், ஏற்கெனவே இறங்கிய சாயத்தை எப்படி எடுப்பது என்று பார்ப்போம். துணியைக் காயவிடாதீர்கள். இஸ்திரி, டிரையர் இரண்டும் கூடாது; காய்ந்த சூடு பட்டால் கறை நிலைத்துவிடலாம். குளியல் தொட்டியிலோ பெரிய அண்டாவிலோ குழாயில் வரும் அளவுக்குச் சூடான தண்ணீரை நிறைய விடுங்கள். பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு கரண்டி நிறைய ஊற்றி, குவில்ட் முழுவதும் மூழ்கும்படி அமிழ்த்துங்கள். தண்ணீர் குறைந்தால் சாயம் திரும்பத் துணியிலேயே உட்காரும். மேலே மிதக்கும் பகுதி கறையோடே தங்கிவிடும், அதனால் மூடியோ கனத்த தட்டோ கவிழ்த்து அமுக்குங்கள். இரவு முழுக்க ஊறட்டும். காலையில் தண்ணீர் நீலமாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி. ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு வெள்ளைச் சுவருக்கு முன் பிடித்துப் பார்த்தால் தெளிந்ததா என்று தெரியும். தெளியும்வரை விடாதீர்கள். பட்டு, கம்பளி கலந்த குவில்ட்டுக்கு மட்டும் இந்தச் சுடுதண்ணீர் வைத்தியம் ஆகாது.

அடுத்தது, இனி வராமல் தடுப்பது. உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று நம் வீடுகளில் தலைமுறையாகச் சொல்கிறோம். வினிகரும் அந்தக் கூட்டம்தான். ஆலையில் சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏறி முடிந்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை வாளித் தண்ணீர் உப்பு பிடித்து வைக்காது. அதைக் கழுவித்தான் வெளியேற்ற வேண்டும். வெட்டும் முன் தனியாக அலசுங்கள், தண்ணீர் தெளியும்வரை. பிறகு ஈரத்துணியை வெள்ளைக் கிச்சன் பேப்பரில் கால் மணி நேரம் அமுக்கி வையுங்கள். பேப்பர் வெள்ளையாகவே இருந்தால் வெட்டலாம். அலசியதும் துணி தொளதொளத்து வெட்ட வராது என்று ஒரு சாக்கு உண்டு. சோறு வடித்த கஞ்சியைத் தண்ணீராகக் கரைத்து நனைத்து, அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால் மறுபடி நிமிர்ந்து நிற்கும்.

எல்லாத் துணியையும் அலசுங்கள், அல்லது எதையுமே அலசாதீர்கள். பாதி அலசியதும் பாதி அலசாததும் ஒரே குவில்ட்டில் இருந்தால் முதல் துவைப்பில் ஒன்று சுருங்கி மற்றது பொங்கி நிற்கும்.

ஆயாவின் சேலைத் துண்டு நழுவுகிறது, இழுபடுகிறது, கிழிகிறது

ஆயா போன பிறகு அவர் சேலைகளை வெட்டிப் பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு குவில்ட் தைப்பது நம் பக்கம் பரவலாகிவிட்டது. நல்ல வேலை, ஆனால் பருத்தி மாதிரி நினைத்து ஆரம்பித்தால் பாதியில் நிற்கும்.

எந்தத் துணி என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். தென்னாப்பிரிக்காவோடு இந்தியா 1946-இல் வணிகத்தை நிறுத்தியது; 1993 வரை தடை இருந்தது. அந்தக் காலத்துப் பெட்டியில் இருப்பதெல்லாம் காஞ்சிபுரம் என்று எண்ணிவிட வேண்டாம், பளபளப்பு நைலானுக்கும் உண்டு. உள்தலைப்பிலிருந்து நாலு இழை உருவி, கிடுக்கியில் பிடித்து, கழுவுதொட்டிக்கு மேலே தீக்குச்சி காட்டுங்கள். காகிதம் எரியும் வாசனையோடு மெல்லிய சாம்பலானால் பருத்தி. முடி கருகும் நாற்றம், விரலில் பொடியும் கரி என்றால் பட்டு. உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் நைலான், பாலியெஸ்டர்.

நைலானும் ஜார்ஜெட்டும் வெட்டும் முன்பே பின்பக்கம் மெல்லிய ஒட்டும் கேன்வாஸ் கேட்கும். இஸ்திரியைக் குறைந்த சூட்டில் வைத்து, மேலே ஒரு பருத்தித் துணி போட்டு, தேய்க்காமல் அமுக்கி அமுக்கி எடுங்கள். அதன் பிறகு அது சாதாரணத் துணி போல வெட்டவும் தைக்கவும் வரும். வெட்டிய பிறகு ஒட்டலாம் என்று விட்டால் சதுரம் சதுரமாக இருக்காது.

பழைய பட்டின் எதிரி மடிப்பு. வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த இடத்தில் இழை இற்றிருக்கும். வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் கோடு கோடாக வெளிச்சம் கசியும் இடங்கள் தெரியும். அவற்றைத் தவிர்த்து வெட்டுங்கள். பட்டுச் சதுரத்தின் அடியில் அதே அளவில் ஒரு மல் துணிச் சதுரம் வைத்து இரண்டையும் ஒன்றாகப் பிடித்துத் தையுங்கள். ஜரிகைக் கரையைத் தைக்கும்போது ஊசி சீக்கிரம் மழுங்கும். அந்த வேலைக்கு ஒரு ஊசியை ஒதுக்கி, முடிந்ததும் போட்டுவிடுங்கள். இந்தக் குவில்ட்டைப் பிள்ளைகளின் கட்டிலுக்குக் கொடுக்காதீர்கள். சுவரில் தொங்கவிடச் சொல்லுங்கள்.

பின்பக்கம் சுருக்கம், ஓரம் அலையலையாக நிற்கிறது

இரண்டும் வேறு வேறு நோய்.

சுருக்கம் அடுக்கு நகர்ந்ததால் வருவது. பின்துணியைத் தரையில் விரித்து டேப்பால் ஒட்டுங்கள், தொய்வில்லாமல், அதே சமயம் இழுக்காமல். இழுத்து ஒட்டினால் டேப்பை எடுத்ததும் அது தன் அளவுக்குத் திரும்பிச் சுருங்கும். உள்ளங்கையை விரித்து வைத்தால் எங்கும் ஒரு பின்னாவது கையில் படும்படி சேஃப்டி பின் குத்துங்கள். நடுவிலிருந்து வெளிப்பக்கம் தைத்துக்கொண்டு போங்கள். வாக்கிங் ஃபுட் இருந்தால் மாட்டுங்கள். மேல் துணியையும் கீழ்த் துணியையும் சமமாக நகர்த்துவதற்காகவே செய்தது அது.

அலை, அளவெடுக்காமல் பார்டர் வைத்ததால் வருவது. நீளப்பட்டையை ஓரத்தோடு வைத்துத் தைத்துக்கொண்டே போய் மிச்சத்தை வெட்டுகிறோம் அல்லவா, அங்கேதான் துணி நீண்டுவிடுகிறது. குவில்ட்டின் நடுவில் குறுக்கே அளந்து, பட்டையை அந்த அளவுக்கு முதலிலேயே வெட்டி, நடுவிலும் இரண்டு முனையிலும் பின் குத்திய பிறகு தையுங்கள்.

உள்ளே வைத்த பஞ்சு வெளியே வருகிறது, அல்லது உருண்டுவிடுகிறது

கறுப்பு, நீலத் துணிக்கு அடியில் மலிவான வெள்ளைப் பாலியெஸ்டர் பேட்டிங் (நடுவில் வைக்கும் பஞ்சு விரிப்பு) வைத்தால் ரோமம் ரோமமாக எட்டிப் பார்க்கும். கறுப்புப் பேட்டிங் கிடைத்தால் அதை வையுங்கள். வெளியே வந்த இழையைப் பிடித்து இழுக்காதீர்கள். பின்னாலேயே ஒரு கொத்து வரும். மேலோடு கத்தரியுங்கள்.

உருள்வது தையல் வரிகளுக்கு இடையே இடைவெளி அதிகம் விட்டதால். எத்தனை சென்டிமீட்டருக்கு ஒரு தையல் வேண்டும் என்று பேட்டிங் உறையிலேயே அச்சிட்டிருக்கும்.

சின்ன வேலைகளில்

பாத்திரம் பிடிக்கும் துணி கையைச் சுடுகிறதா? உள்ளே பாலியெஸ்டர் இருக்கிறது. அது சூட்டைத் தாங்காது, உருகவும் உருகும். பருத்திப் பேட்டிங் இரண்டு அடுக்கு, அல்லது பழைய குளியல் துண்டு. வெள்ளி மாதிரி மின்னும் வெப்பம் தடுக்கும் பேட்டிங் வைத்ததை மைக்ரோவேவில் மட்டும் வைக்காதீர்கள், அதில் உலோகம் உண்டு. ஜிப் பை திரும்பவில்லையா? ஜிப்பைத் திறக்காமல் சுற்றித் தைத்திருப்பீர்கள். பிரிக்கத்தான் வேண்டும்.

கொடுத்ததை வாங்கிக்கொள்ளவில்லை

தொண்டுக்குத் தைப்பதில் இது நடக்கும். மனம் நோகும், ஆனால் பெரும்பாலும் அவர்கள் பக்கம் நியாயம் இருக்கும். மருத்துவமனையிலும் இல்லங்களிலும் சுடுதண்ணீரில் துவைப்பார்கள். பட்டும் ஜார்ஜெட்டும் அங்கே ஒரு வாரம் தாங்காது. பொத்தான், ரிப்பன், மணி குழந்தை வாயில் போகும். ஒரு வயது நிரம்பாத குழந்தை தூங்கும் தொட்டிலில் தளர்வான போர்வையே கூடாது என்பதுதான் மருத்துவர்கள் சொல்வது. ஆகவே கைக்குழந்தைக்கு என்று தைப்பது தரையில் விரித்து விளையாடவிடத்தான் என்று சொல்லிக் கொடுங்கள். சக்கர நாற்காலிக்கான முழங்கால் போர்வை தரையைத் தொட்டால் சக்கரத்தில் மாட்டும். 90-க்கு 100 செ.மீ. போதும். துணி வாங்கும் முன் ஒரு போன் போட்டு என்ன அளவு, எந்தத் துணி, எத்தனை என்று கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் அவர்கள் கேட்பது நாம் ஆசைப்பட்டதைவிட எளிதான ஒன்றாக இருக்கும். மணக்கும் சோப்பு போடாமல் ஒருமுறை துவைத்துக் கொடுங்கள். குவில்ட்டுக்குள் பின் எதுவும் தங்கவில்லை என்று காந்தத்தை மேலோடு ஓட்டிப் பாருங்கள்.

எடுத்து வைத்ததில் கறுப்புப் புள்ளி, பழுப்புப் புள்ளி

கறுப்பு, பூஞ்சை. டர்பன் கோடையின் புழுக்கத்தில் பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால் வராமல் இருக்காது. பருத்தித் தலையணை உறைக்குள் வைத்து, இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வேறு மடிப்பில் மடியுங்கள்.

பழுப்பு, துரு. பாதி தைத்து பின்னோடு விட்டுவைத்தால் மலிவுப் பின்கள் இந்த ஈரக்காற்றில் துருப்பிடிக்கும். எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி வெயிலில் வைத்து, காய்ந்ததும் அலசுங்கள். வெள்ளைத் துணியில் இது நன்றாக வேலை செய்யும். ஷ்வேஷ்வேயில் முதலில் ஓரத்தில் ஒரு துளி விட்டுப் பாருங்கள், சாயமும் சேர்ந்து போனாலும் போகும்.